நாலு மணி வரைக்கும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டால் எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கூட்டம் வரும். எல்லோரும் உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள். மேற்படிப்புக்காக வருகிறார்கள். வருடம் முழுக்க உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு ஏது நேரம்? அதனால் மூன்று ஜூன் மாதங்களில் வந்து முடித்துக்கொள்கிற மாதிரி ஒரு முதுகலைப் படிப்பு. வகுப்பு தொடங்கிய முதல் நாளே அவர்கள் பிள்ளைகளாக மாறிவிடுவார்கள். கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். மேசைக்கு அடியில் கைப்பேசி பார்ப்பார்கள். தாமதமாக வந்தவர் கதவிடுக்கில் தலையை நீட்டி, விரிவுரையாளர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நிற்கும் எனக்குச் சிரிப்பாக வரும்.

இந்த ஜூனில் அந்தச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. அது ஓடும்போது தெருமுனையில் லாரி ஒன்று இன்ஜினை நிறுத்தாமல் நிற்பது போல ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த உறுமலோடுதான் பல வருடங்களாக அந்தத் தரையைத் துடைத்தேன். மே மாதக் கடைசியில் அதன் மோட்டார் கெட்டது. ‘பயன்படுத்தாதீர்’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பழுது பார்ப்பவர் விடுமுறை முடிந்துதான் வருவாராம். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியும் விடுப்பில் போய்விட்டார். உறுமல் நின்றபின் அந்த அறைக்குள் போனால், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது.

எனக்கு அங்கே பொது வேலை. கண்ணாடிச் சாமான் பெட்டிகளை ஏற்றி இறக்குவது, தரை, குப்பை, யார் எதைச் சொன்னாலும் அது. முன்பு கட்டுமானத்தில் இருந்தேன். முழங்கால் இரண்டும் போனபிறகு இங்கே போட்டார்கள். மாடிப்படி ஏறினால் எலும்பு பேசும். அதனால் மின்தூக்கிக்காகக் காத்து நிற்பேன். அப்படி நின்ற ஒரு காலையில்தான் ஆம்ப்ரோஸ் சார் பழக்கமானார்.

அவர் சுவா சூ காங்கில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியவர். மாதாகோவிலில் பாடகர் குழுவில் பாடுகிற குரல். நடைவழியின் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். முதல் வாரத்திலேயே கீழே கோப்பிக் கடையில் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கூட அப்துல் முத்தலிப் சார் இருந்தார். இயற்பியல் ஆசிரியர். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

“வேலு, இது எனக்குக் கடைசி ஜூன்,” என்றார் ஆம்ப்ரோஸ் சார். “போன வாட்டி பாதியில அப்பா தவறிட்டாங்க. அப்படியே நின்னுபோச்சு. இந்த வாட்டி முடிக்கலன்னா பண்ணினது அத்தனையும் குப்பை. மறுபடியும் சேரலாம்னா முடியாது, இந்தப் படிப்பையே மூடறாங்க.”

“முடிச்சா என்ன சார் கிடைக்கும்?”

“எங்க பள்ளியில சயின்ஸ் டிபார்ட்மென்ட் தலைவர் இடம் காலியா இருக்கு. பிரின்சிபல் எனக்காக ஜூலை வரைக்கும் ஆள் போடாம வச்சிருக்காங்க. இல்லன்னா மார்வினுக்குப் போயிடும்.”

“மார்வின் யாரு சார்?”

“என்கிட்ட படிச்ச பையன். லிட்மஸ் தாளை நாக்குல வச்சு ருசி பார்த்தவன்.”

“இனிமே சாரோட லீவுக்கு அவன்தான் கையெழுத்துப் போடுவான்,” என்றார் முத்தலிப் சார். “காரணம் என்னன்னு வேற கேப்பான். சார், மழைன்னு சொல்லக்கூடாது, சரியா?”

எல்லோரும் சிரித்தோம். ஆம்ப்ரோஸ் சாரும் சிரித்தார். 

அவருடைய ஆராய்ச்சி ஒரு பாடம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களையே கண்டுபிடிக்கவைப்பது. அதைப் புது முறையில் எப்படி நடத்தலாம் என்று எழுதி, நடத்தியும் காட்ட வேண்டும். கூடப் படிக்கும் ஆசிரியர்கள்தான் பிள்ளைகள். அவர் பாட்டில்களில் P, Q, R, S என்று ஒவ்வோர் எழுத்து மட்டும் ஒட்டியிருந்தார். பரீட்சைக்கு வைக்கும் பாட்டிலில் பெயர் இருக்கக்கூடாதாம். எத்தனையோ வருடமாக அவர் கை அப்படியே பழகிவிட்டது.

“இதுல என்ன சார் இருக்கு?” என்று ஒருநாள் பெட்டியை இறக்கும்போது கேட்டேன்.

“சொல்லிட்டா அப்புறம் பரீட்சை எதுக்கு வேலு?” என்று கண்ணடித்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதாத பாட்டில் இருக்கக்கூடாது என்பது சட்டம். சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. ஆனால் சட்டத்தைப் பார்க்கிற அதிகாரி விடுப்பில். மற்றவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். அவரவர் பள்ளியிலும் அப்படித்தான். பள்ளியில் என்றால் டெக்னீஷியன் ஒருவர் பின்னால் நிற்பாராம். எந்த எழுத்தில் என்ன என்று அவருக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் மிச்சத்தை அவரே பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே பின்னால் நின்றது நான். எனக்குத் தரைதான் தெரியும்.

கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்கு ஆம்ப்ரோஸ் சார் தேர்வாளர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர் அன்றைக்கே விமானம் ஏறுகிறார். அதனால் நாலு மணியை விட்டால் வேறு மணி கிடையாது. காலையில் கடைசி ஒத்திகை. அதைக் காணொளி எடுத்து மாலையில் போட்டுக்காட்டப் போகிறார்.

வெளியே காற்றோடு மழை. சாலை தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் ஜன்னல்களைத் திறக்க முடியாது, எல்லாம் சட்டத்தோடு அடைத்து ஒட்டிய கண்ணாடி. தண்ணீர் கேன்களைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆசிரியர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

“டீச்சர், டாய்லெட் போகணும்,” என்றார் முத்தலிப் சார்.

“இப்பத்தானே போயிட்டு வந்தே. உக்காரு,” என்றார் ஆம்ப்ரோஸ் சார்.

“நிரஞ்சனா என் பென்சிலை எடுத்துட்டா, டீச்சர்.”

நிரஞ்சனா டீச்சர் சிராங்கூனில் உயிரியல் நடத்துபவர். இருப்பவர்களில் இளையவர். பென்சிலாலேயே முத்தலிப் சார் முழங்கையில் ஒரு குத்து விட்டார். ஆம்ப்ரோஸ் சார் காணொளிக்காக முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டார். வகுப்பு ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டார்: அவர் வகுப்பு முடிந்தது என்று சொல்லும் வரைக்கும் யாரும் எந்தப் பாட்டிலைப் பற்றியும் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் மதிப்பெண் குறையும்.

பாடம் நன்றாகப் போனது. முடிகிற நேரத்தில் அவர் கைப்பேசி அடித்தது. மாலைக்கு மண்டபம் ஒதுக்கும் அலுவலகம். “எல்லாத்தையும் க்ளீன் பண்ணி வைங்க,” என்று கையைக் காட்டிவிட்டு நடைவழிக்குப் போனார். வகுப்பு முடிந்தது என்று சொல்லவில்லை.

பிள்ளைகள் பிள்ளைகளாகவே எழுந்தார்கள். மிச்சத்தை எல்லாம் பின்மேசையில் கழிவுக்கென்று இருந்த பெரிய பழுப்புப் பாட்டிலில் ஊற்றினார்கள். நிரஞ்சனா டீச்சர் S பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“இது சாரோட மேசையில இருந்தது. நாம இதைத் தொடவே இல்ல. என்னன்னு கேட்டுடலாமா?”

“கேளு, கேளு. மார்க் போகும்,” என்றார் முத்தலிப் சார். “பேசாம ஊத்து லா. ரீசஸ் பெல் அடிச்சாச்சு.”

நிரஞ்சனா டீச்சர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். மூடியை இறுக்கித் திருகினார். பாட்டிலின் கழுத்தை மெல்லிய தாளால் அழகாகத் துடைத்தும் வைத்தார்.

“அங்கிள், இதை ஸ்டோர்ல வச்சிடுங்க, ப்ளீஸ்,” என்றார் என்னிடம். எல்லோரும் கோப்பி குடிக்கக் கீழே போய்விட்டார்கள்.

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். நடைவழியில் பாதி தூரம் போனபோது சட்டைக்குள் இதமாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். எதுவும் இதமாக இருக்கக் காரணம் இல்லை. பாட்டிலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன். கோப்பிக் குவளை சூடு. உள்ளே சின்னச் சின்னதாக ஏதோ முணுமுணுத்தது.

ஸ்டோர் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கமலம் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கழிவறைகளைச் சுத்தம் செய்கிறவர். ஓய்வெடுக்க வேறு இடம் கிடையாது என்று அந்தக் கழிவுப் பாட்டில்களுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

“என்ன தம்பி, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றே? இங்க வை, நான் தாலாட்டுறேன்,” என்றார்.

நான் உள்ளே போகவில்லை. திரும்பினேன். ஆம்ப்ரோஸ் சார் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பெரிய ஹாலே கிடைச்சிடுச்சு வேலு!”

“சார், இந்தப் பாட்டில் சுடுது.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளங்கையைப் பாட்டிலில் வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

“இதுல எதை ஊத்தினாங்க?”

“எல்லாத்தையும் சார்.”

“S?”

“அதையும்தான்.”

“S கடும் நைட்ரிக் அமிலம், வேலு. R ஸ்பிரிட்.” மற்ற நேரத்தில் மாடி அதிரப் பேசுகிறவர் அப்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். “ரெண்டும் ஒரே பாட்டில்ல இருக்கக்கூடாது. மூடி வேற இறுக்கியிருக்காங்க. இது வெடிக்கும்.”

சுவரில் சிவப்புப் பெட்டி இருந்தது. கண்ணாடியை உடைத்தால் மணி அடிக்கும், கட்டடமே கீழே இறங்கும். அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

“இதை உடைச்சா விசாரணை வரும். அது முடியிற வரைக்கும் என் ப்ராஜெக்ட்டை நிறுத்தி வைப்பாங்க. மாசக் கணக்காகும்.” கையை இறக்கிக்கொண்டார். “இங்க குடுங்க. கமலம் அக்காவைக் கீழ கூட்டிட்டுப் போங்க. நீங்களும் உள்ள வரக்கூடாது.”

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“அக்கா, சூப்பர்வைசர் உடனே வரச் சொன்னாரு,” என்றேன்.

“அவனுக்கு என் கால் நீட்டினா பொறுக்காதே,” என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடினார். மின்தூக்கிக் கதவு மூடுகிற வரைக்கும் நின்றேன். பிறகு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். ஓடி எத்தனையோ நாளாகியிருந்தது.

கதவில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். அவர் பாட்டிலை ஓடாத அந்தக் கூண்டுக்குள் வைத்திருந்தார். முன்கண்ணாடியைத் தன் முழங்கை நுழையும் அளவுக்கு இறக்கிவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினார். கொஞ்சம் திருகுவார், நிறுத்துவார். பேருந்துக் கதவு திறப்பது போல ஒரு சீறல் கதவைத் தாண்டிக் கேட்டது. பழுப்பு நிறத்தில் புகை வந்தது. வெற்றிலை எச்சிலும் துருவும் கலந்த மாதிரி நிறம். மேலே போகவில்லை. உறிஞ்ச மோட்டார் இல்லை. கண்ணாடிக்கு அடியில் வழிந்து அவர் கையோடு ஏறியது.

அவர் முழு மூடியையும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் பிடித்த மூச்சு தீர்ந்துவிட்டது. அவர் தோள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஒரு தரம். இன்னொரு தரம். முன்கண்ணாடியை அடிவரை இழுத்து மூடிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி வந்தார். வெளியே வந்து கதவைப் பூட்டி, சுவரில் சாய்ந்து இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு இருமல் நின்றது. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். சட்டையைச் சரிசெய்தார். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தார்.

“முடிஞ்சுது. இனிமே வெடிக்காது,” என்றார். “நாளைக்கு ஆள் வச்சு முறையா எடுத்துடறேன். அது வரைக்கும் யாரும் உள்ள போகவேணாம்.”

“சார், நீங்க அந்தப் புகையை…”

“கொஞ்சம்தான் உள்ள போச்சு.”

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சார்.”

அவர் என் தோளில் கைபோட்டு நடக்கவைத்தார். நடந்துகொண்டே, வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“இந்தப் புகைக்கு ஒரு குணம் இருக்கு வேலு. உள்ள போனதும் இருமல் வரும், நின்னுடும். அப்புறம் மணிக்கணக்கா ஒண்ணும் தெரியாது. சாப்பிடலாம், பேசலாம். நல்லா இருக்கோம்னு நினைப்போம். உள்ள மெதுவா நுரையீரல்ல தண்ணி ஊறும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ரொம்ப உள்ள போயிருந்தாதான்.”

“உங்களுக்கு ரொம்பப் போச்சா?”

அவர் போய் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினார்.

“நாலு மணிக்கு எனக்குப் பேச்சு. முடிஞ்ச உடனே நானே டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அது வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. இப்பப் போனா என்னத்தை சுவாசிச்சீங்கன்னு கேப்பாங்க, எங்கேன்னு கேப்பாங்க, இங்க போன் பண்ணுவாங்க. எல்லாம் போச்சு. நாலு மணி வரைக்கும் வேலு. சரின்னு சொல்லுங்க.”

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? படித்தவர். அந்தப் புகையைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கடைசி நாள் எல்லோருக்கும் தேக்கா சந்தையில் பிரியாணி வாங்கித் தருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மழை விட்டிருந்தது. டோபி காட் நிலையத்தில் ரயில் ஏறினோம், அடுத்தது லிட்டில் இந்தியா. “வேலுவும் வரட்டும்,” என்று சூப்பர்வைசரிடம் அவரே கேட்டு என்னையும் கூட்டிக்கொண்டார். அன்புக்காகக் கூப்பிட்டாரா, கண்ணெதிரே வைத்துக்கொள்ளக் கூப்பிட்டாரா, தெரியவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

சந்தைக்குள் ஒரே கூட்டம். மேலே மின்விசிறிகள் சுற்றியும் வேர்த்துக்கொட்டியது. எனக்கு எதிரே ஆம்ப்ரோஸ் சார். நான் பிரியாணியைப் பார்க்கவில்லை, அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறதா, இறங்குகிறதா, எப்போதும் போலத்தானா என்று.

“என்ன அண்ணே, சார் தட்டுல இருக்கிற கோழிக்காலையே பாக்குறீங்க? ஆசையா இருந்தா கேளுங்க,” என்றார் முத்தலிப் சார்.

“குடுத்துட்டாப் போச்சு,” என்று ஆம்ப்ரோஸ் சார் அதை எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. கரண்டியால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க சாப்பிடவே இல்லையே,” என்றார் நிரஞ்சனா டீச்சர்.

“நர்வஸ் மா.”

“முப்பது பிள்ளைங்களை மேய்க்கிற ஆளு, மூணு பேரைப் பார்த்து பயப்படலாமா? வெள்ளைக்காரர் தூங்கினா மட்டும் என்கிட்ட விடுங்க, கிள்ளி எழுப்புறேன்,” என்றார் முத்தலிப் சார்.

ஆம்ப்ரோஸ் சார் சிரித்தார். சிரிப்பு முடியும் இடத்தில் ஒரு சின்ன இருமல் ஒட்டிக்கொண்டது. தேநீர்க் குவளையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். குவளைக்கு மேலே அவர் கண் என்னைப் பார்த்தது.

திரும்பும்போது நிலையத்துக்குள் நகரும் படிக்கட்டில் நிரஞ்சனா டீச்சர் எனக்குப் பின்னால் நின்றார். மெதுவாகக் கேட்டார்: “அங்கிள், சாருக்கு ஏதாச்சும் உடம்பு சரியில்லையா? உங்ககிட்ட சொன்னாங்களா?”

கீழே, படிக்கட்டின் முடிவில் ஆம்ப்ரோஸ் சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்குகிற படிதான். இருந்தும் மாடி ஏறி வந்தவர் போல வாய் திறந்திருந்தது.

“ஒண்ணுமில்ல டீச்சர். பேசணும்ல, அதான்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பெரிய மண்டபம் கீழ்த்தளத்தில் இருந்திருக்கக்கூடாதா? நான்காம் மாடியில் இருந்தது. மேசை, திரை, தண்ணீர்க் குவளை எல்லாம் எடுத்துவைத்துவிட்டுப் பின்னால் கதவோரம் நின்றேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் தேர்வாளர்கள் மூவர். அவர்களுக்குப் பின்னால் ஆசிரியர்கள். ஆம்ப்ரோஸ் சார் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். மேடைக்கு ஏறும் படி இரண்டே இரண்டுதான். ஏறியதும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பேச ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் பேசினார், எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் குரல் புரிந்தது. முதலில் அந்தப் பழைய குரல்தான், கடைசி வரிசைக்கும் கேட்டது. கொஞ்சம் போனதும் வாக்கியத்துக்கு நடுவே நின்று மூச்சு வாங்கினார். பிறகு நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. பிறகு இரண்டு. காணொளி ஓடியபோது இருட்டில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் இருந்த ஆம்ப்ரோஸ் சார் “உக்காரு” என்று முத்தலிப் சாரை அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அடியில், பாத்திரத்தில் சோறு கொதிப்பது போல ஒரு சத்தம் மேடையிலிருந்து வந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டதா, தெரியவில்லை.

விளக்கு எரிந்தது. வெளிநாட்டுத் தேர்வாளர் எதையோ பாராட்டி, ஒரு கேள்வி கேட்டார். ஆம்ப்ரோஸ் சார் எழுந்து பதில் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையையும் மூட்டை தூக்குவது போலத் தூக்கி வைத்தார். அவர் பயந்துபோயிருக்கிறார் என்றே அவர்கள் எண்ணினார்கள். ஒரு தேர்வாளர் கையைக் காட்டி, பொறுமையாகச் சொல்லுங்கள் என்றார். ஆம்ப்ரோஸ் சாரின் உதடு ஊதா நிறமாக இருந்ததை நிரஞ்சனா டீச்சர்தான் முதலில் பார்த்தார்.

“சார்!” என்று எழுந்தார். கைப்பேசியை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆம்ப்ரோஸ் சார் வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டே கடைசிப் பதிலைச் சொல்லி முடித்தார். முடித்தபின்தான் விழுந்தார்.

தரையில் படுக்கவைக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. முத்தலிப் சார் பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கிண்டல் எதுவும் வரவில்லை. “யா அல்லாஹ், சார், மெதுவா, மெதுவா,” என்று மட்டும் சொன்னார். ஆம்ப்ரோஸ் சார் வாயோரம் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை.

மருத்துவ உதவியாளர்கள் வந்து பிராணவாயு முகமூடியைப் போட்டார்கள். ஒரு பெண் முழங்காலிட்டு அவர் காதருகே கேட்டார்: என்ன ஆனது, ஏதாவது சுவாசித்தீர்களா, மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா.

ஆம்ப்ரோஸ் சார் கண்ணைத் திறந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த தேர்வாளர்களைப் பார்த்தார்.

“ஆஸ்துமா,” என்றார்.

“சாருக்கு ஆஸ்துமா இருக்கா?” என்று நிரஞ்சனா டீச்சர் முத்தலிப் சாரைக் கேட்டார். அவர் விழித்தார். அந்தப் பெண் ஏதோ மருந்தை எடுக்கப் பையைத் திறந்தார்.

என் கால் எப்படி முன்னால் போனது என்று தெரியவில்லை.

“டீச்சர், ஆஸ்துமா இல்ல,” என்றேன். “காலையில லேப்ல அந்தப் பெரிய பாட்டில் சூடாகிடுச்சு. சார் தனியா உள்ள போய் மூடியைத் திறந்தாரு. பழுப்புப் புகை வந்தது. அதை சுவாசிச்சிட்டாரு. நைட்ரிக்னு சொன்னாரு. நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட.”

நிரஞ்சனா டீச்சர் அப்படியே நின்றார். “நான்தான் ஊத்தினேன்,” என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு கடகடவென்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் எடுத்த மருந்தைப் பையில் போட்டுவிட்டு, வானொலிக் கருவியில் வேகமாகப் பேசினார். எல்லோருடைய வேகமும் மாறியது. மூத்த தேர்வாளர் தம் கையில் இருந்த தாள்களை அடுக்கினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். இன்னொருவர் மூன்றாம் மாடியைக் காலி செய்யச் சொல்லிக் கைப்பேசியில் பேசிக்கொண்டே வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்க மணி அடித்தது.

ஆம்ப்ரோஸ் சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தள்ளுபடுக்கையைச் சாய்த்து உட்காரவைத்த மாதிரி கொண்டுபோனார்கள். கனமான ஆள். தூக்க ஒரு கை வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அவசர மணி அடித்தாலும் அந்த ஒரு மின்தூக்கியை அவர்கள் சாவி போட்டு ஓட்டினார்கள். உள்ளே அந்தப் பெண், இன்னோர் ஆள், நான், அவர். அமலா அம்மாவுக்கு, அவர் மனைவிக்கு, நிரஞ்சனா டீச்சர் வெளியே நின்று போன் போட்டுக்கொண்டிருந்தார். கதவு மூடும் வரைக்கும் அவர் குரல் கேட்டது.

கதவு மூடியதும் ஆம்ப்ரோஸ் சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. இன்னொரு கையால் முகமூடியைக் கீழே இழுத்தார்.

“வண்டியில… ஏறினதும்… சொல்லியிருப்பேன்,” என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தக் கொதிக்கிற சத்தம் கூட வந்தது. “அவங்க… கையெழுத்து… போட்டிருப்பாங்க. ஏன் வேலு? இன்னும்… கொஞ்ச நேரம்…”

“சார், பேசாதீங்க.”

“முடிச்சிட்டேன்ல… கடைசிக் கேள்வி… முடிச்சிட்டேன்ல…”

அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். முகமூடியைப் போடச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆம்ப்ரோஸ் சார் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் தாடையைப் பிடித்து, குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பி, முகமூடியை வாயில் வைத்து அழுத்தினேன். அவர் என் கையைத் தள்ளினார். நான் எடுக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த அந்த முகமூடியின் உட்புறம் ஆவி படர்ந்தது, மறைந்தது. மறுபடி படர எவ்வளவோ நேரமானது. அதையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரைத்தளம் வரும் வரைக்கும் நின்றேன்.